நாட்டுப்பண்ணும் எதிர்ப்பு மெய்ப்பாடும்: அமெரிக்கத் தொழில்முறை விளையாட்டுக் களத்தை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

நாட்டுப்பண் இசைக்கப்படும்போது தொழில்முறை விளையாட்டு வீரர்கள் எதிர்ப்புத் தெரிவிப்பது தகுமா என்னும் வினா, 2016ஆம் ஆண்டு முதல் அமெரிக்கப் பொதுவெளியில் கடும் விவாதத்துக்கு உள்ளாகிவருகிறது. இவ்வினாவினுள் உரிமை, ஒப்பந்தம், தகவு என்னும் மூன்று வேறுபட்ட வினாக்கள் கலந்துகிடக்கின்றன. அவற்றைப் பிரித்துக் காணாமையே இரு தரப்பாரும் ஒருவர் கூற்றை மற்றவர் கேளாமல் வாதிடுவதற்குக் காரணம் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். களத்துக்கு நாட்டுப்பண் வந்த வரலாறு, முதன்மையான மூன்று எதிர்ப்பு நிகழ்வுகள், சட்டநிலை, எதிர்வாதங்கள் ஆகியவற்றை ஆராய்ந்து, இத்தகைய எதிர்ப்பின் தகவை அளப்பதற்கு நான்கு அளவுகோல்களை இக்கட்டுரை முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: நாட்டுப்பண், எதிர்ப்பு, மெய்ப்பாடு, கருத்துரிமை, கோலின் கேப்பர்னிக், தொழில்முறை விளையாட்டு.

முன்னுரை

நாட்டுப்பண் இசைக்கப்படும் ஓரிரு நிமிடங்களில் விளையாட்டரங்கில் கூடியிருக்கும் பல்லாயிரவர் ஒரே உடல்நிலையை மேற்கொள்கின்றனர். அந்த ஒருமைக்கு இடையில் ஒருவர் அமர்ந்திருந்தாலோ முழங்காலிட்டாலோ அச்செயல் சொற்களின்றியே பேசுகிறது. அது என்ன பேசுகிறது, யாரிடம் பேசுகிறது, பேசுவதற்கு அவ்விடம் உரியதா என்பவை சட்டம், சமூகவியல், அறவியல் ஆகிய துறைகள் சந்திக்கும் வினாக்கள். அமெரிக்க நிகழ்வுகளைத் தமிழில் எழுதுவோர் பெரும்பாலும் அவற்றை வீரவழிபாடாகவோ கண்டனமாகவோ சுருக்கிவிடுகின்றனர். இரண்டையும் தவிர்த்து, நிகழ்வுகளை அவற்றின் சூழலில் வைத்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

களத்துக்கு நாட்டுப்பண் வந்த வரலாறு

1814ஆம் ஆண்டு செப்டம்பரில் பால்டிமோர் நகரின் மெக்ஹென்றி கோட்டையைப் பிரித்தானியக் கடற்படை தாக்கியதைக் கண்ட ஃபிரான்சிஸ் ஸ்காட் கீ என்னும் வழக்கறிஞர் எழுதிய பாடலே பின்னாளில் அமெரிக்க நாட்டுப்பண் ஆயிற்று. ஆயினும் 1931ஆம் ஆண்டு மார்ச் 3 அன்று சட்டம் இயற்றப்பட்ட பின்னரே அதற்கு அந்நிலை முறையாகக் கிட்டியது. பாடல் நாட்டுப்பண் ஆவதற்கு முன்பே விளையாட்டுக் களத்தில் அது ஒலித்துவிட்டது. 1918ஆம் ஆண்டு செப்டம்பர் 5 அன்று, முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த வேளையில், சிகாகோவில் நிகழ்ந்த பேஸ்பால் உலகத் தொடரின் முதல் ஆட்டத்தின் இடைவேளையில் இப்பாடல் இசைக்கப்பட்டது. கூட்டத்தினர் உணர்ச்சி மேலிட எழுந்து பாடியதாக அக்கால நாளிதழ்கள் பதிவுசெய்தன. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஒவ்வொரு போட்டிக்கும் முன்னர் அதை இசைப்பது நிலைத்த வழக்கமாயிற்று.

என்.எஃப்.எல். எனப்படும் தேசியக் கால்பந்து லீக்கில் இவ்வழக்கம் இன்றுள்ள வடிவத்தைப் பெற்றது அண்மையில்தான். 2009ஆம் ஆண்டுக்கு முன்னர், இரவு நேரத் தொலைக்காட்சி ஒளிபரப்புக்குரிய போட்டிகளில் நாட்டுப்பண் இசைக்கப்படும்போது வீரர்கள் உடைமாற்றும் அறையிலேயே இருப்பது வழக்கம். மேலும், படைவீரர்களைப் போற்றும் களநிகழ்ச்சிகள் சிலவற்றுக்குப் பாதுகாப்புத் துறை அணிகளுக்குப் பணம் செலுத்தியிருந்ததை, 2015ஆம் ஆண்டில் மேலவை உறுப்பினர்கள் ஜான் மெக்கெய்ன், ஜெஃப் ஃபிளேக் ஆகிய இருவரும் வெளியிட்ட அறிக்கை வெளிப்படுத்தியது. அடுத்த ஆண்டு அந்த லீக் ஏறத்தாழ 7,24,000 டாலரை அரசுக்குத் திருப்பி அளித்தது.

இவ்வரலாற்றிலிருந்து இரண்டு செய்திகள் பெறப்படுகின்றன. ஒன்று, இரு நகரங்களின் அணிகள் மோதும் உள்நாட்டுப் போட்டியில் நாட்டுப்பண் இடம்பெறுவது விளையாட்டின் இயல்பினால் விளைந்ததன்று. போரும் அரசியலும் வணிகமும் சேர்ந்து உருவாக்கிய மரபு அது. ஆகவே, விளையாட்டில் அரசியல் கூடாது என்னும் வாதம் இங்கு வலுவிழக்கிறது. மற்றொன்று, ஒரு மரபு உருவாக்கப்பட்டது என்பதனாலேயே அது பொருளற்றதாகிவிடாது. போரில் மகனை இழந்த குடும்பத்தாருக்கு அந்நிமிடங்கள் மெய்யான நினைவேந்தல் ஆகும். பின்வரும் ஆய்வு இவ்விரண்டையும் ஒருங்கே கருத்தில் கொள்கிறது.

மூன்று நிகழ்வுகள்

முதலாவது நிகழ்வு 1968ஆம் ஆண்டு அக்டோபர் 16 அன்று மெக்சிகோ நகர ஒலிம்பிக்கில் நடந்தது. 200 மீட்டர் ஓட்டத்தில் 19.83 விநாடிகளில் வென்று தங்கம் பெற்ற டாமி ஸ்மித்தும், வெண்கலம் பெற்ற ஜான் கார்லோசும் பதக்க மேடையில் நாட்டுப்பண் ஒலிக்கையில் தலைகுனிந்து, கறுப்புக் கையுறை அணிந்த முட்டியை உயர்த்தினர். கறுப்பின மக்களின் வறுமையைச் சுட்டக் காலணியின்றிக் கறுப்புக் காலுறையுடன் நின்றனர். வெள்ளி வென்ற ஆஸ்திரேலியர் பீட்டர் நார்மனும் மனித உரிமைக்கான ஒலிம்பிக் செயல்திட்டத்தின் சின்னத்தை மார்பில் அணிந்திருந்தார். அமெரிக்கர் இருவரும் அணியிலிருந்து நீக்கப்பட்டு ஒலிம்பிக் கிராமத்திலிருந்து வெளியேற்றப்பட்டனர். அவர்களுடைய பதக்கங்கள் பறிக்கப்பட்டன எனப் பரவலாகக் கூறப்படுவது சரியன்று. அவர்கள் அன்று ஊதியம் பெறும் தொழில்முறை வீரர்களாக இல்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. எனினும் பின்வந்த எதிர்ப்புகள் அனைத்துக்கும் அந்நிகழ்வே முன்மாதிரியாக அமைந்தது.

இரண்டாவது நிகழ்வு 1996ஆம் ஆண்டுக்குரியது. டென்வர் நகெட்ஸ் கூடைப்பந்து அணியின் மஹ்மூத் அப்துல் ரவூஃப், அமெரிக்கக் கொடி ஒடுக்குமுறையின் அடையாளமாகவும் விளங்குகிறது என்றும், அதற்காக எழுந்து நிற்பது தம் இசுலாமிய நம்பிக்கைக்கு முரணானது என்றும் கூறி நிற்க மறுத்தார். நாட்டுப்பண்ணுக்கு எழுந்து நிற்க வேண்டும் என்னும் விதியைக் கொண்டிருந்த என்.பி.ஏ. லீக், மார்ச் மாதத்தில் அவரை இடைநீக்கம் செய்தது. ஒரு போட்டிக்குரிய 31,707 டாலர் ஊதியத்தை அவர் இழந்தார். எழுந்து நின்று, தலைதாழ்த்தித் தம் இறைவேண்டலைச் செய்யலாம் என்னும் இணக்கம் சில நாள்களில் ஏற்பட்டது. அவ்வாண்டிலேயே அவர் வேறு அணிக்கு மாற்றப்பட்டார்.

மூன்றாவது, கோலின் கேப்பர்னிக்கின் எதிர்ப்பு. சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ் அணியின் குவார்ட்டர்பேக்கான இவர், 2016ஆம் ஆண்டு ஆகஸ்டில் பருவத்துக்கு முந்தைய போட்டிகளில் நாட்டுப்பண்ணின்போது இருக்கையில் அமர்ந்திருந்தார். முதலிரு முறைகள் எவரும் கவனிக்கவில்லை. ஆகஸ்ட் 26 அன்று செய்தியாளர் கேட்டபோது, கறுப்பின மக்கள் ஒடுக்கப்படுவதையும் காவல்துறையினரால் கொல்லப்படுவோருக்கு நீதி கிட்டாமையையும் காரணமாகக் கூறினார். இதனால் வருத்தமுற்ற நேட் போயர் என்னும் முன்னாள் சிறப்புப்படை வீரர் அவரைச் சந்தித்து உரையாடினார். வீழ்ந்த தோழரின் கல்லறைமுன் படைவீரர் முழங்காலிடுவதுபோல முழங்காலிடலாம் என்று போயர் கூறிய யோசனையை ஏற்று, செப்டம்பர் 1 அன்று சான் டியாகோவில் கேப்பர்னிக்கும் சக வீரர் எரிக் ரீடும் ஒரு காலை மடித்து முழங்காலிட்டனர். 2017ஆம் ஆண்டு மார்ச்சில் கேப்பர்னிக் தம் ஒப்பந்தத்திலிருந்து விலகினார். அப்போது அவருக்கு வயது 29. அதன்பின் எந்த அணியும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அணி உரிமையாளர்கள் கூடிப்பேசித் தம்மை ஒதுக்கினர் என்று அவர் தொடுத்த முறையீடு, 2019ஆம் ஆண்டு பிப்ரவரியில் விவரம் வெளியிடப்படாத உடன்பாட்டில் முடிந்தது.

உடல்மொழியின் பொருள்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், உள்ளத்து உணர்வு உடலின்வழிப் புலப்படுதலை ஆராய்கிறது. அது எழுந்த சூழலும் நோக்கமும் வேறு. எனினும் உடல்வழி வெளிப்பாட்டை வகைப்படுத்தும் கருவியாக அதை இங்குப் பயன்கொள்ள இடமுண்டு. வெகுளிக்குத் தொல்காப்பியர் கூறும் நிலைக்களன்களுள், உறுப்பைச் சிதைத்தல், தம் குடிக்கு ஊறு நேர்தல், அடித்து வருத்துதல், கொலை ஆகியவை அமைகின்றன. பெருமிதத்தின் நிலைக்களன்களுள் அஞ்சாமையாகிய தறுகண் ஒன்று. ஸ்மித், கார்லோஸ் ஆகியோரின் உயர்த்திய கையில் பெருமிதமும், தாழ்ந்த தலையில் துயரும் ஒருசேர நின்றன. கேப்பர்னிக்கின் காரணம் வெகுளிக்குரியது. ஆனால் அவர் தேர்ந்த உடல்நிலையோ பணிவுக்குரியது. அமர்ந்திருத்தலிலிருந்து முழங்காலிடுதலுக்கு மாறியபோது அவர் தம் காரணத்தை மாற்றவில்லை, மெய்ப்பாட்டையே மாற்றினார். எதிர்த் தரப்பினர் ஒருவரின் சொல்லைக் கேட்டு அம்மாற்றம் நிகழ்ந்தது என்பது பலராலும் மறக்கப்படும் செய்தி.

இவ்வுடல்நிலைகளுக்குப் பொதுவான பண்பு ஒன்று உண்டு. இவர்கள் நாட்டுப்பண்ணைக் கூச்சலிட்டுக் குலைக்கவில்லை. சடங்கினுள் நின்றபடியே அதன் ஒரு கூறினை மாற்றினர். நாட்டுப்பண்ணுக்குப் பொருளே இல்லை என்று கருதுபவருக்கு இவ்வகை எதிர்ப்பு தேவைப்படாது. பொருளுண்டு என்று கருதுவதனாலேயே அச்சிறு மாற்றம் செய்தியாகிறது. அப்துல் ரவூஃபின் மறுப்பு இதிலிருந்து சற்று வேறுபட்டது. சமூகத்தை நோக்கிய வேண்டுகோளாக அன்றி, தம் மனச்சான்றைக் காத்துக்கொள்ளும் விலகலாகவே அது முதன்மையாக அமைந்தது. எதிர்ப்பையும் விலகலையும் ஒன்றெனக் கருதுவது ஆய்வுக்குப் பொருந்தாது.

சட்டநிலை: அரசும் பணி வழங்குநரும்

அமெரிக்கச் சட்டத்தில் இப்பொருளுக்கு அடிப்படையானது 1943ஆம் ஆண்டின் மேற்கு வர்ஜீனியா எதிர் பார்னெட் வழக்கு. யெகோவாவின் சாட்சிகள் என்னும் சமயப் பிரிவைச் சேர்ந்த மாணவர்களைக் கொடிவணக்கம் செய்யும்படி அரசு கட்டாயப்படுத்தலாகாது என்று உச்சநீதிமன்றம் 6க்கு 3 என்னும் பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. மூன்றாண்டுகளுக்கு முன் தானே வழங்கிய எதிரான தீர்ப்பை, போர் உச்சத்தில் இருந்த வேளையில் அந்நீதிமன்றம் மாற்றிக்கொண்டது. நாட்டுப்பண்ணின்போது எழுந்து நிற்க வேண்டும் என்று கூட்டரசுச் சட்டத்தொகுப்பு கூறினும், நில்லாதவருக்குத் தண்டனை எதையும் அது விதிக்கவில்லை.

ஆனால் அரசமைப்பின் முதல் திருத்தம் அரசையே கட்டுப்படுத்தும். தனியார் பணி வழங்குநரைக் கட்டுப்படுத்தாது. ஆகவே, கேப்பர்னிக்கைச் சிறையிட அரசுக்கு இயலாது. அவரைப் பணியமர்த்தாதிருக்க அணிக்கு இயலும். உரிமை உண்டு என்பாரும், பணியிடத்தில் விதி உண்டு என்பாரும் தத்தம் அளவில் சரியாகவே பேசுகின்றனர். இருவரும் வெவ்வேறு வினாக்களுக்கு விடை கூறுகின்றனர். ஒப்பந்தம் குறித்த வினாவும் பணி வழங்குநரின் விருப்பத்தால் மட்டும் முடிவதன்று. 2018ஆம் ஆண்டு மே மாதத்தில் என்.எஃப்.எல்., களத்தில் இருப்போர் எழுந்து நிற்க வேண்டும், விரும்பாதோர் உடைமாற்றும் அறையில் இருக்கலாம் என்று விதி வகுத்தது. வீரர் சங்கம் தன்னைக் கலந்துகொள்ளவில்லை என முறையிட்டதும் ஜூலையில் அவ்விதி நிறுத்திவைக்கப்பட்டது.

அரசு, தனியார் என்னும் பாகுபாடு எப்போதும் தெளிவாக நிற்பதில்லை. 2017ஆம் ஆண்டு செப்டம்பர் 22 அன்று அலபாமாவில் பேசிய அதிபர் டொனால்ட் டிரம்ப், முழங்காலிடும் வீரர்களைப் பணிநீக்கம் செய்யுமாறு அணி உரிமையாளர்களை வெளிப்படையாகத் தூண்டினார். நாட்டின் தலைவரே பணி வழங்குநரிடம் இவ்வாறு கோரும்போது, அது தனியார் ஒழுங்கு நடவடிக்கை மட்டுமே என்று சொல்வது கடினமாகிறது.

இந்தியச் சட்ட மரபுக்கும் இவ்வழக்குகளுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 1985ஆம் ஆண்டு கேரளப் பள்ளி ஒன்றில், அதே சமயப் பிரிவைச் சேர்ந்த மூன்று மாணவர்கள், நாட்டுப்பண்ணுக்கு மரியாதையுடன் எழுந்து நின்றும் பாடாதிருந்தமைக்காக நீக்கப்பட்டனர். 1986ஆம் ஆண்டு பிஜோ இம்மானுவேல் வழக்கில் இந்திய உச்சநீதிமன்றம், பார்னெட் உள்ளிட்ட வெளிநாட்டுத் தீர்ப்புகளையும் ஆராய்ந்து, அந்நீக்கம் கருத்துரிமைக்கும் சமய உரிமைக்கும் எதிரானது எனத் தீர்ப்பளித்தது. நாட்டுப்பண் பாடப்படுவதை வேண்டுமென்றே தடுப்பதையும், பாடும் கூட்டத்துக்கு இடையூறு விளைவிப்பதையுமே 1971ஆம் ஆண்டின் தேசிய மரியாதைக்கு இழிவு தடுப்புச் சட்டம் இது தொடர்பில் தண்டனைக்குரியதாக்குகிறது. அம்மாணவர்கள் எழுந்து நின்றனர் ஆதலின், முழங்காலிடுதலுக்கு அத்தீர்ப்பு நேரடி விடையாகாது. எனினும் பங்கேற்காமை வேறு, பிறர் பங்கேற்பைத் தடுத்தல் வேறு என்னும் அதன் அடிப்படை வேறுபாடு பின்வரும் ஆய்வுக்கு உதவுகிறது.

எதிர்வாதங்கள்

முதல் எதிர்வாதம், நாட்டுப்பண் அனைவர்க்கும் பொதுவானது. அதை ஒருவர் தம் கோரிக்கைக்கு மேடையாக்குவது பிறர் நினைவேந்தலுக்கு ஊறு செய்கிறது என்பது. இதை எளிதில் தள்ளிவிட முடியாது. முழங்காலிட்டவரின் நோக்கம் தூயதாயினும் பார்ப்போர் மனம் புண்படுதல் மெய்யே. எனினும் பொதுவானது என்பதற்கு அதன் பொருளை ஒரு சாரார் மட்டுமே வரையறுக்கலாம் என்பது பொருளன்று. நாட்டுப்பண் எவற்றையெல்லாம் போற்றுகிறதோ, அவை தமக்குக் கிட்டவில்லை என்று சொல்லும் குடிமகனும் அப்பொதுமையில் பங்குடையவனே.

இரண்டாவது, பெரும் ஊதியம் பெறுவோர் ஒடுக்குமுறை பற்றிப் பேசலாகாது என்பது. இவ்வாதம் வலுவற்றது. பேசியவர்கள் தம் ஊதியத்துக்காகப் பேசவில்லை. பேசியதனால் ஊதியம் இழந்தனர்.

மூன்றாவது எதிர்வாதமே மிக வலியது. நாட்டுப்பண்ணின்போது செய்யப்படும் எதிர்ப்பு, தன் கோரிக்கையைத் தானே மறைத்துவிடுகிறது என்பது அது. அதிபரின் பேச்சுக்கு இரு நாள்கள் கழித்து, செப்டம்பர் 24 அன்று, 200க்கும் மேற்பட்ட வீரர்கள் முழங்காலிட்டோ அமர்ந்தோ இருந்தனர். சில அணிகளின் உரிமையாளர்களும் வீரர்களுடன் கைகோத்து நின்றனர். அன்றைய விவாதம் காவல்துறை வன்முறை பற்றியதாக இல்லை. கொடி, அதிபர், அணி ஒற்றுமை ஆகியவை பற்றியதாக மாறிவிட்டது. எண்ணிக்கை பெருகியபோது பொருள் நெகிழ்ந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அதே நாளில் சிகாகோவில் நிகழ்ந்தது இதனினும் கூர்மையானது. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியினர், சர்ச்சையைத் தவிர்க்க அனைவரும் களத்துக்கு வராமல் நுழைவழியிலேயே நிற்பது என முடிவு செய்தனர். ஆப்கானிஸ்தானில் பணியாற்றிய முன்னாள் படைவீரரான அலெஹாண்ட்ரோ வில்லானுவேவா மட்டும் நுழைவழியின் வாயிலில் கைவைத்த நெஞ்சுடன் நின்றார். தம் செயலால் சக வீரர்கள் தவறாகக் கருதப்பட நேர்ந்ததற்கு மறுநாள் அவர் வருத்தம் தெரிவித்தார். நிற்க விரும்பியவரும் விளக்கம் தர வேண்டிய நிலை அன்று ஏற்பட்டது.

தகவின் அளவுகோல்கள்

மேற்கண்டவற்றின் அடிப்படையில் நான்கு அளவுகோல்களை வகுக்கலாம். முதலாவது, இடையூறின்மை: எதிர்ப்பாளர் தாம் விலகலாம், பிறர் பாடுவதையோ நிற்பதையோ தடுக்கலாகாது. இரண்டாவது, தெளிவு: எதிர்ப்பு எதைக் குறித்தது என்பதைச் செய்பவர் கேட்டவுடன் விளக்கக்கூடியவராக இருத்தல் வேண்டும். மூன்றாவது, பொறுப்பேற்பு: செயலின் விளைவைத் தாமே ஏற்றல் வேண்டும், பிறர்மீது சுமத்தலாகாது. நான்காவது, எதிரிணை உரிமை: நிற்காதவருக்குக் கோரும் அதே மனச்சான்றுரிமையை நிற்பவருக்கும் வழங்க வேண்டும்.

1968ஆம் ஆண்டு நிகழ்வும் 2016ஆம் ஆண்டில் கேப்பர்னிக் செய்ததும் இந்நான்கையும் நிறைவு செய்கின்றன. கேப்பர்னிக் சமூக அமைப்புகளுக்கு 10 இலட்சம் டாலர் வழங்குவதாக அறிவித்து வழங்கியமை, அவர் கோரிக்கை சைகையோடு நின்றுவிடவில்லை என்பதற்குச் சான்று. அப்துல் ரவூஃபின் விலகல் முதல், மூன்றாம் அளவுகோல்களில் ஐயமின்றித் தேறுகிறது. 2017ஆம் ஆண்டின் அணிவழி நிகழ்ச்சிகள் தெளிவிலும் எதிரிணை உரிமையிலும் குறைவுபடுகின்றன. நான்காம் அளவுகோலுக்கு 2020ஆம் ஆண்டு ஒரு நல்ல எடுத்துக்காட்டைத் தருகிறது. ஜார்ஜ் ஃபிளாய்டின் கொலைக்குப் பின் ஓர்லாண்டோவில் நடந்த என்.பி.ஏ. போட்டிகளில் வீரர்கள் பெரும்பாலும் முழங்காலிட்டனர். நிற்க வேண்டும் என்னும் விதியை லீக் செயற்படுத்தவில்லை. ஓர்லாண்டோ மேஜிக் அணியின் ஜொனாதன் ஐசக், தம் சமய நம்பிக்கையை விளக்கி எழுந்து நின்றார். விதி தளர்ந்த அந்த அரங்கில் முழங்காலிட்டோருக்கும் நின்றவருக்கும் ஒருங்கே இடமிருந்தது.

நிறுவனங்களின் நிலைப்பாடு காலத்தோடு மாறிவந்துள்ளதும் கருதத்தக்கது. 2020ஆம் ஆண்டு ஜூனில் என்.எஃப்.எல். ஆணையர் ராஜர் குட்டெல், வீரர்களின் குரலை முன்னரே கேளாதது தவறு என ஒப்புக்கொண்டார். ஸ்மித்தும் கார்லோசும் 2019ஆம் ஆண்டில் அமெரிக்க ஒலிம்பிக், பாராலிம்பிக் புகழ்க்கூடத்தில் சேர்க்கப்பட்டனர். காலம் கடந்து வந்த சிறப்பு, அன்று செய்தது சரியென்பதற்குத் தானே சான்றாகிவிடாது. ஆனால், மரியாதை என்னும் பெயரில் அன்று விதிக்கப்பட்ட தண்டனை மாறாத நெறி ஒன்றிலிருந்து பிறந்ததன்று என்பதை அது காட்டுகிறது. கேப்பர்னிக்கோ அந்த லீக்கின் களத்துக்குத் திரும்பவே இல்லை.

முடிவுரை

தொழில்முறை வீரர்கள் நாட்டுப்பண்ணின்போது எதிர்ப்புத் தெரிவிக்க வேண்டுமா என்னும் வினாவுக்கு ஒற்றைச் சொல்லில் விடை கூற இயலாது. உரிமை என்னும் நிலையில், அரசு அவர்களைத் தண்டிக்கலாகாது என்பது தெளிவு. ஒப்பந்தம் என்னும் நிலையில், அது வீரர் சங்கமும் பணி வழங்குநரும் கலந்து தீர்மானிக்க வேண்டியது. தகவு என்னும் நிலையில், எதிர்ப்பது எந்த வீரருக்கும் கடமையன்று. இடையூறின்றி, தெளிவோடு, விளைவை ஏற்று, நிற்பவரையும் மதித்துச் செய்யப்படும் எதிர்ப்பு தகுதியுடையதே. எழுந்து நிற்பதைக் கட்டாயமாக்கினால், மனமுவந்து நிற்பவரையும் ஊதியத்துக்கு அஞ்சி நிற்பவரையும் பிரித்தறிய வழியில்லாமல் போகும். அதனால் முதலில் மதிப்பிழப்பது உண்மையான பற்றோடு நிற்பவரின் செயலே. நாட்டுப்பண்ணின் மாண்பைக் காக்க விழைவோர், முழங்காலிடுபவரின் உரிமையைக் காப்பதற்கு இதனினும் வலுவான காரணம் வேண்டியதில்லை.